தவறிப் பிறந்த சொற்கள்

பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் படிப்பாளிகளிடையே ஒரு பாதிரியாரின் கதை உலவியது. அவருக்கு இலத்தீன் அரைகுறை. பூசையில் நற்கருணை உட்கொண்டபின் சொல்லவேண்டிய மன்றாட்டில் 'சும்ப்சிமுஸ்' என்றொரு சொல் வரும். 'உட்கொண்டோம்' என்று பொருள். இவர் முப்பது ஆண்டுகளாக அதை 'மும்ப்சிமுஸ்' என்றே சொல்லிவந்தார். அப்படியொரு சொல் இலத்தீனில் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னபோது, உங்களுடைய புது சும்ப்சிமுஸுக்காக என்னுடைய பழைய மும்ப்சிமுஸை விட்டுவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

ரிச்சர்ட் பேஸ் என்ற அரசவைத் தூதர் 1517-இல் எழுதிய நூலில் இந்தக் கதை வருகிறது. டச்சு அறிஞர் எராஸ்மஸும் இதைச் சொல்லியிருக்கிறார். 1545-இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மன்னர் எட்டாம் ஹென்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது இதையே எடுத்துக்கொண்டார். பழைய மும்ப்சிமுஸை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு பக்கம், புதிய சும்ப்சிமுஸுக்காகத் துள்ளுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று இரு சாராரையும் கடிந்துகொண்டார். பழைய சமய வழக்கமும் சீர்திருத்தமும் முட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து 'மம்ப்சிமஸ்' ஆங்கிலச் சொல்லாகிவிட்டது. தவறென்று காட்டிய பிறகும் விடாப்பிடியாகத் தொடரும் வழக்கத்துக்கும், அப்படித் தொடரும் ஆளுக்கும் அதுதான் பெயர். இன்றும் பெரிய அகராதிகளில் இருக்கிறது.

அந்தப் பாதிரியாரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை ஆங்கிலத்துக்கு அவ்வளவாக இல்லை. அதன் பழஞ்சொற்களைக் கொஞ்சம் கிளறினால் மும்ப்சிமுஸ்கள் கொத்துக்கொத்தாக வருகின்றன. காது தவறிப் பிறந்தவை சில, கண் தவறிப் பிறந்தவை சில. திருத்த வந்தவர்களின் அறிவு தவறிப் பிறந்தவையும் உண்டு. மூன்றாவது வகைதான் மொழிக்கு அதிகத் தொல்லை கொடுத்தது என்பது என் கட்சி. முதலில் காதைப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எ' வரும். அந்தச் சொல் உயிரொலியில் தொடங்கினால் 'அன்' வரும். பேசும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருவாரியாக இருந்த காலத்தில், நடுவில் கேட்கும் 'ன்' முன் சொல்லுக்குச் சொந்தமா பின் சொல்லுக்குச் சொந்தமா என்று யார் பார்த்தார்கள்? புணர்ச்சி விதி படித்த நமக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரியும். விரியன் பாம்பைக் குறிக்கும் 'ஆடர்' பழைய ஆங்கிலத்தில் 'நேட்ரெ'. 'எ நேடர்' என்பதை 'அன் ஆடர்' என்று பிரித்துக் கேட்டுவிட்டார்கள், 'ந' உதிர்ந்துபோனது. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'நாட்டர்' என்றுதான் சொல்கிறார்கள். சமையலறையில் கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. அதன் பங்காளியான 'நேப்கின்' மட்டும் 'ந'வைத் தவறவிடவில்லை.

நமக்கு மிகவும் பழக்கமானவர் கிரிக்கெட் 'அம்பயர்'. அவருடைய மூதாதை 'நூம்பெர்', பிரெஞ்சிலிருந்து வந்தது. 'நோன்' என்றால் அல்ல, 'பெர்' என்றால் இணை. வழக்காடும் இருவரில் எவரோடும் ஜோடி சேராத மூன்றாம் ஆள் என்று பொருள். அந்தப் பெயருக்கு உரிய முழு நியாயமும் அவருடைய வேலையில் இருக்கிறது. பெயரின் முதலெழுத்துத்தான் போய்விட்டது.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' முதலில் 'ஈக்நேம்'. 'ஈக்' என்றால் கூடுதல், மேலதிகம். 'அன் ஈக்நேம்' என்பதிலிருந்த 'ன்' தாவிப் பின் சொல்லின் தலையில் ஏறிக்கொண்டது. 'நியூட்' என்ற பல்லி போன்ற நீர்வாழ் பிராணிக்கும் இதே கதை; 'அன் எவ்ட்' என்பதுதான் அதன் பூர்வீகம்.

இந்த இடத்தில் ஆரஞ்சை எதிர்பார்ப்பீர்கள். 'எ நாரஞ்ச்' என்பதுதான் ஆங்கிலேயர் வாயில் 'அன் ஆரஞ்ச்' ஆனது என்று பல இடங்களில் படித்திருப்போம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழி தப்பான ஆள்மேல் விழுகிறது. நம் நாரத்தைக்கு உறவான ஏதோவொரு திராவிடச் சொல்லிலிருந்து வடமொழியின் 'நாரங்க' வந்திருக்க வேண்டும் என்பது அகராதிகள் பலவும் ஏற்கும் கருத்து. அது பாரசீகத்தில் 'நாரங்' ஆகி, அரபியில் 'நாரஞ்ச்' ஆகி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. ஸ்பானியர்கள் 'நரான்ஹா' என்று முதலெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இத்தாலியிலும் பிரான்சிலும் 'ஒரு' என்பதைக் குறிக்கும் சொல் 'ன்' ஒலியோடு முடிவதால் அங்கேயே அது உதிர்ந்தது. தங்கத்துக்குப் பிரெஞ்சில் 'ஓர்' என்று பெயர். பழத்தின் நிறமும் அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போதே ஆரஞ்சு தலையில்லாமல்தான் வந்தது.

பன்மை விகுதி என்று தப்பாக நினைத்து வால் வெட்டப்பட்டவையும் உண்டு. பட்டாணிக்கு 'பீஸ்' என்பதே ஒருமை. கடைசியில் 'ஸ்' இருக்கிறதே, நிறைய பட்டாணி போலிருக்கிறது என்று நினைத்து 'பீ' என்றொரு புது ஒருமையை உண்டாக்கினார்கள். 'செரி' பழம், 'ஷெரி' மது எல்லாம் இதே வகை. வங்கிக்காரர்கள் வாயில் புரளும் 'அசெட்' இதில் ரசமானது. நார்மன் பிரெஞ்சுச் சட்ட வழக்கில் 'அசெட்ஸ்' என்றால் 'போதுமான அளவு'. இறந்தவரின் கடனை அடைக்கப் போதுமான சொத்து இருக்கிறதா என்பது கேள்வி. அந்தப் 'போதுமான'தைப் பன்மை என்று எண்ணி ஒருமைப்படுத்தியதில் கிடைத்ததுதான் 'அசெட்'.

புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வதும் காதின் வேலைதான். மணமகனுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'பிரிட்குமா'. 'பிரிட்' மணப்பெண், 'குமா' ஆண்மகன். காலப்போக்கில் 'குமா' வழக்கொழிந்தது. பொருள் தெரியாத அந்தத் துண்டின் இடத்தில், ஒலியில் பக்கத்திலிருந்த 'குரூம்' வந்து உட்கார்ந்தது. 'குரூம்' என்றால் பையன், வேலையாள், பிற்பாடு குதிரைக்காரன். இப்படித்தான் ஆங்கில மாப்பிள்ளை 'பிரைட்குரூம்' ஆனார். கூச்ச சுபாவத்தைச் சொல்லும் 'ஷேம்ஃபேஸ்ட்', அடக்கத்தில் கட்டுண்டவர் என்ற பொருளில் 'ஷேம்ஃபாஸ்ட்' என்றிருந்தது. முகம் பிற்பாடு வந்து ஒட்டியது. 'கிரேஃபிஷ்' என்பதிலும் மீன் இல்லை. பழைய பிரெஞ்சு 'கிரெவிஸ்' என்பதன் கடைசி அசை ஆங்கிலக் காதில் 'ஃபிஷ்' என்று விழுந்தது, அவ்வளவுதான்.

இப்படி அயல்சொல்லைத் தன் ஒலிக்கு வளைத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் அங்கே போனது இந்தியாவிலிருந்துதான். முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற ஓலத்தை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாகக் கேட்டார்கள். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலத்துக்கு ஹென்ரி யூலும் ஆர்தர் பர்னெலும் சேர்ந்து தயாரித்த அகராதி 1886-இல் வெளிவந்தபோது இதையே தலைப்பாக வைத்தார் யூல். பர்னெல் அதைப் பார்க்கவில்லை, 1882-இலேயே இறந்துவிட்டார். மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர் அவர். அந்த அகராதியில் இடம்பெற்ற 'கோடவுன்' என்ற சொல்லைப் பாருங்கள். மலாயில் அது 'குடாங்'. அதற்கு முன் தெலுங்கின் 'கிட்டங்கி', நம் 'கிடங்கு' இவற்றோடு உறவு என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் 'கீழே போ' என்று ஒலிக்கும் வடிவத்துக்கு வந்து, 'குடோன்' என்று திரும்பவும் நம்மிடமே வந்துவிட்டது. இன்று பலசரக்கு மண்டிகளில் கிடங்கு என்று சொல்பவர் குறைவு, குடோன்தான்.

இனி கண். அச்சு வருவதற்கு முன், ஐரோப்பிய எழுத்தர்கள் எழுதிய கையெழுத்தில் எம், என், யு, ஐ எல்லாமே வரிசையாக நிற்கும் குச்சிகள். மூன்று குச்சி இருந்தால் அது எம்-மாகவும் இருக்கலாம், என்-னும் ஐ-யும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாத மெய்யையும், ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரிவதையும் வைத்துக்கொண்டு நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அரபு வானியலார் தலைக்கு நேர்மேலே உள்ள புள்ளியைச் 'சம்த் அர்-ரஸ்' என்றார்கள், தலைக்கு மேலான வழி. இலத்தீனுக்குப் போனபோது 'சம்த்' என்பதன் எம்-மை யாரோ 'நி' என்று வாசித்துவிட, 'செனித்' பிறந்தது. அதுதான் உச்சியைக் குறிக்கும் 'ஜெனித்'. அதே அரபுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்த 'அசிமத்' என்ற இன்னொரு வானியல் சொல்லில் எம் பத்திரமாக இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் இருவரும் ஒரே பாடப்புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் சாயல் தெரியாமல் போய்விட்டது.

சாப்பாட்டு மேசையிலும் ஒன்று உண்டு. பழைய பிரெஞ்சுச் சமையல் குறிப்புகளில் 'கிரானே' என்றொரு மசாலாக் குழம்பு வருகிறது. அந்தக் கையெழுத்தில் என்-னும் வி-யும் பிரித்தறிய முடியாதவை. 'கிராவே' என்று படித்தார்கள். 'கிரேவி' வந்தது இப்படித்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தும்மலுக்கும் இதே கதி. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் எஃப் எழுத்தில் தொடங்கியது, 'ஃப்னீசன்'. அக்காலத்து எஸ் எழுத்து நெடிதாக, ஏறக்குறைய எஃப் மாதிரியே இருக்கும். எஃப் எஸ்-ஸாகி 'ஸ்னீஸ்' வந்ததற்கு அகராதிகள் சொல்லும் காரணம் இந்தக் குழப்பம். தும்மும் ஓசைக்கு எஸ் பொருந்திப் போனதும் அது நிலைக்க உதவியிருக்கும்.

கல்லூரி மாணவர்கள் தேர்வுக்கு முதல் வாரம் தேடும் 'சிலபஸ்' பண்டை ரோமின் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களுக்குக் கடன்பட்டது. நூல் சுருளில் தொங்கவிடும் தலைப்புச் சீட்டுக்கு 'சித்தூபா' என்ற கிரேக்கச் சொல்லை அவர் எழுதியிருந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சிட்ட பதிப்புகளில் அது பிழையாக 'சில்லபோஸ்' என்று விழுந்தது. அந்தப் பிழைக்கு ஒரு பொருளும் கற்பிக்கப்பட்டு, பட்டியல், அட்டவணை என்று வளர்ந்து பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டது. இதன் பன்மை 'சிலபஸஸா' 'சிலபையா' என்று பேராசிரியர்கள் சண்டை போடுவதுண்டு. மூலமே அச்சுப்பிழை என்கிறபோது எந்தப் பன்மை இலக்கண சுத்தம் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

லண்டன் பழைய கடைகளின் பெயர்ப்பலகையில் 'யீ ஓல்ட்' என்று தொடங்கும் வாசகம் கூட இந்த வகைதான். ஆங்கிலத்துக்குத் 'தார்ன்' என்றோர் எழுத்து இருந்தது, 'த' ஒலிக்கு. பிற்காலக் கையெழுத்தில் அது ஒய் மாதிரி ஆகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சு எழுத்துகளில் தார்ன் இல்லாததால் அதன் இடத்தில் ஒய்-யையே வைத்தார்கள். அந்தக் காலத்தவர் அதைத் 'த' என்றுதான் படித்தார்கள். 'யீ' என்று வாயால் சொன்னவர் எவரும் இருந்ததில்லை.

நீதிமன்றம் ஒன்றைத் தந்தது. 1066-இல் நார்மன்கள் வென்றபின் ஆங்கிலேயச் சட்டம் நூற்றாண்டுக் கணக்கில் பிரெஞ்சு பேசியது. கைதி 'நான் குற்றமற்றவன்' என்றால், அரசுத் தரப்பு எழுத்தர் 'குற்றவாளியே, நிரூபிக்கத் தயார்' என்று பதில் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'குல்பாப்ல்: பிரெஸ்த்' என்று தொடங்கும் வாக்கியம் அது. ஏட்டில் அதைச் சுருக்கி 'குல். பிரிட்' என்று எழுதிவைப்பார்கள். பிரெஞ்சு மறந்துபோன பிறகு வந்த எழுத்தர்கள் இந்தச் சுருக்கத்தைக் கைதியைக் கூப்பிடும் சொல் என்று எண்ணிக்கொண்டார்கள். 1678-இல் பெம்புரோக் பிரபுமேல் நடந்த கொலை வழக்கில் 'கல்ப்ரிட்' என்று அவரை விளித்தது பதிவாகியிருக்கிறது. இன்னும் தீர்ப்பே வராத ஆளைக் குற்றவாளி என்று அழைக்கும் சொல், குற்றமற்றவன் என்று அவன் சொன்னதற்குக் கிடைத்த பதிலிலிருந்தே முளைத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் அறியாமல் நடந்தவை. நாக்குக்கு வசதியாக அமைந்ததால் நிலைத்தவை. அறிந்து செய்தவர்கள் வேறு. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன்மேல் ஏற்பட்ட காதலில், ஆங்கிலச் சொற்களுக்கு அவற்றின் இலத்தீன் வம்சாவளி தெரியும்படி எழுத்தைத் திருத்தத் தொடங்கினார்கள் படிப்பாளிகள். கடனைக் குறிக்கும் சொல் பிரெஞ்சிலிருந்து 'டெட்' என்ற ஒலியோடு, அந்த ஒலிக்கேற்ற எழுத்தோடு வந்தது. இலத்தீன் மூலம் 'தேபிதும்' அல்லவா, அந்த 'பி' எங்கே என்று கேட்டு நடுவில் ஒரு பி-யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்'டுக்கும் அதே சிகிச்சை. ஷேக்ஸ்பியர் இந்த ஆட்களைச் சும்மா விடவில்லை. 1598-இல் அச்சான ஒரு நகைச்சுவை நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்ற பள்ளி ஆசிரியரைப் படைத்து, ஊரார் இந்தச் சொற்களில் பி-யை உச்சரிப்பதில்லையே என்று அவரை அங்கலாய்க்க வைத்திருக்கிறார்.

வம்சாவளியாவது சரியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' அசல் ஜெர்மானியச் சொல், எஸ் இல்லாமல் எழுதப்பட்டது. இலத்தீன் 'இன்சுலா' வழிவந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு உறவு என்று தப்பாக நினைத்து, உச்சரிக்கப்படாத எஸ் ஒன்றைப் புகுத்தினார்கள். ஸ்காட்லாந்தின் பனிமலைக் கோழிக்குக் கேலிக் மொழியில் 'தார்மகன்'. கிரேக்கத்தில் சிறகுக்கு 'ப்தெரோன்' என்று இருப்பதால் இதுவும் கிரேக்கம்தான் என்று முடிவுகட்டிப் பதினேழாம் நூற்றாண்டில் முன்னால் ஒரு பி வைத்தார்கள். கத்தரிக்கோலின் 'சிசர்ஸ்' என்பதிலுள்ள கூடுதல் எழுத்தும் இப்படி வேறொரு இலத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டதன் விளைவு. எழுத்துக்கூட்டல் தேர்வில் பிரம்படி வாங்கிய தலைமுறைகளைக் கேட்டால் தெரியும். பாமரரின் பிழை ஒரு தடவை நடந்து ஓய்ந்துவிட்டது. பண்டிதரின் பிழையை ஒவ்வொரு குழந்தையும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

அகராதிக்காரர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். 'அபகாட்' என்ற சொல் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஆங்கில நூல்களிலும் அகராதிகளிலும் புழங்கியது, ஆங்கில மன்னர்கள் அணிந்த இரட்டைக் கிரீடத் தொப்பி என்ற விளக்கத்தோடு. 1464-இல் ஹெக்ஸம் போரில் பறிபோன ஆறாம் ஹென்றியின் தொப்பியைப் பற்றிய குறிப்புதான் ஆதாரம். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என்று பெயர்பெற்ற பேரகராதியைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மரே, அப்படியொரு சொல்லே கிடையாது என்று 1882-இல் வெளிப்படுத்தினார். அசல் சொல் 'பைகாக்கெட்'. முன்னால் வந்த 'எ' ஒட்டிக்கொண்டு, அச்சுக்கு அச்சு எழுத்து மாறி, கடைசியில் அடையாளமே தெரியாமல் போனது. ஒரு தொகுப்பாளர் மற்றவரைப் பார்த்து எழுதினார், அவரைப் பார்த்து இன்னொருவர்.

1886-இல் மொழியறிஞர் வால்டர் ஸ்கீட் இந்த இனத்துக்குப் 'பேய்ச்சொல்' என்று பெயரிட்டார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம்மைப் பற்றியது. 1808-இல் எடின்பரோ ரிவ்யூ இதழில் வந்த ஒரு கட்டுரை, இந்துக்களின் நேர்த்திக்கடன்களை வருணிக்கும்போது, சிலர் கைகளில் 'கைம்ஸ்' குத்திக்கொள்கிறார்கள் என்றது. அது என்ன ஆயுதம்? ஒன்றுமில்லை, கத்திகள் என்பதற்கான 'நைவ்ஸ்' அச்சில் சிதைந்திருந்தது. இன்னொன்று வால்டர் ஸ்காட்டின் நாவலொன்றில் வந்த 'மோர்ஸ்' என்ற வினைச்சொல். கொலை எண்ணத்தை 'மோர்ஸ்' செய்கிறாயா என்று ஒரு பாத்திரம் கேட்கும். துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது என்றார் ஒரு வாசகர். கடிப்பது என்று இலத்தீனிலிருந்து வந்தது என்றார் மற்றொருவர். கையெழுத்துப் பிரதியில் ஸ்காட் எழுதியிருந்தது 'நர்ஸ்', பேணி வளர்ப்பது.

அதே ஸ்காட்தான் வேறொரு பிழையை வாழவைத்தவரும். பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், வீரனுக்கு உரியதைச் 'செய்யத் துணிவதில்' தன் நாயகனுக்கு ஈடில்லை என்று எழுதினார். அவர் எழுதியது 'டாரிங் டன்', இரண்டு வினைகள். அவருக்குப் பின்வந்த கவிஞர் லிட்கேட் அதைப் பின்பற்றி எழுதினார். அவர் நூலின் பதினாறாம் நூற்றாண்டு அச்சில் 'டெரிங் டூ' என்று விழுந்தது. 1579-இல் கவிஞர் ஸ்பென்சர் அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டார். ஆண்மை, வீரம் என்று அடிக்குறிப்பும் சேர்ந்தது. ஸ்காட் தன் 'ஐவன்ஹோ'வில் கையாண்டபின் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாகசக் கதைகளெங்கும் பரவியது. 'டெரிங்-டூ'வைப் பேய்ச்சொல் என்று இன்று எவரும் ஒதுக்குவதில்லை. 'மோர்ஸ்' செத்தது, 'டெரிங்-டூ' பிழைத்தது. இரண்டுக்கும் பிறப்பு ஒன்றுதான். ஒன்றைப் படித்தவர்கள் விளக்கத்தான் பார்த்தார்கள், மற்றதை எடுத்து எழுதினார்கள்.

எழுதுவதற்கு ஆள் கிடைக்காமல் போனதுதான் 'டோர்ட்'. அமெரிக்காவில் வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பு தயாரானபோது, வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பாட்டர்சன் 1931-இல் ஒரு சீட்டு எழுதினார். அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்ற சுருக்கக்குறியைப் பற்றியது அது. 'அல்லது' என்பதற்கான 'ஆர்' நடுவில் நின்றது. சீட்டு தவறான கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு 'டி'யும் ஓர் 'ஆர்'ரும் சேர்ந்து ஒரே சொல்லாக, 1934 பதிப்பில் 'டோர்ட்: அடர்த்தி' என்று வெளிவந்தது. சொற்பிறப்பு எதுவும் கொடுக்கப்படவில்லையே என்று ஓர் ஆசிரியரின் கண்ணில் 1939-இல்தான் அது பட்டது. நீக்கிவிட்டார்கள். அதே அகராதியின் பிலிப் கோவ் 1954-இல் இந்தக் கதையை எழுதியபோது கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டார்: 'டோர்ட்' என்றால் அடர்த்தி என்று ஏன் இருக்கக்கூடாது?